ஒரே சர்வரில் பதினொரு பேர்: கம்பம் வரி அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கம்பத்தில் இருக்கும் ஒரு வரி ஆலோசனை அலுவலகம் இது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஏலக்காய் வியாபாரிகள். மிச்சம் பேர் திராட்சைத் தோட்டக்காரர்கள், உரக்கடைக்காரர்கள், லாரி வைத்திருப்பவர்கள்.

ஏலக்காய்க்கு மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை. காய் இடுக்கி மலையில் விளைகிறது. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு மின் ஏலத்தில் விலை போகிறது. அப்புறம் வடக்கே லாரி ஏறுகிறது. கணக்குக்குத்தான் எல்லை உண்டு. ஒரே வியாபாரிக்குத் தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும் ஜி.எஸ்.டி. எண் ஒன்று, கேரளத்தில் 32 என்று தொடங்கும் எண் ஒன்று. தன் குமுளி குடோனிலிருந்து தன் கம்பம் குடோனுக்குச் சரக்கை இறக்கினாலும், சட்டத்தின் கண்ணில் அவர் இரண்டு ஆட்கள். பில் போட வேண்டும், வரி காட்ட வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேல் போனால் சரக்கு வண்டிக்கான மின் சீட்டான இ-வே பில் எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்து விற்பனையும் அந்தப் பக்கத்துக் கொள்முதலும் ரூபாய் சுத்தமாகப் பொருந்த வேண்டும்.

அதனால் கம்பத்தில் இருக்கும் ஆறு பேரும், லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் வரும் குமுளிக் கிளையில் இருக்கும் மூன்று பேரும் டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருந்தது. போடியிலும் நெடுங்கண்டத்திலும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இருவரும் உண்டு. முன்பு டாலி பேக்கப்பைப் பென் டிரைவில் போட்டுப் பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். எந்தப் பென் டிரைவில் இருப்பது கடைசிக் கணக்கு என்ற சண்டை வாராவாரம் வந்தது.

என்னைக் கூப்பிட்டது அக்டோபரில், ஒரு கோளாறு பார்க்க. அதற்கு முன் நடந்ததைப் பில்கள், சர்வர் பதிவுகள், ஊழியர்கள் சொன்னது ஆகியவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் ஏற்பாடு

ஏப்ரலில், நிதியாண்டுத் தொடக்கத்தில், கம்ப்யூட்டர் விற்பனை செய்யும் ஒருவர் மூலம் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில், ஒரு விண்டோஸ் சர்வர் மெஷின் (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம்.) எடுத்தார்கள். நான்கு பிராசசர், 16 ஜி.பி. மெமரி, வெளியே தெரியும் ஒரு ஐ.பி. முகவரி. அதில் டாலியைப் போட்டு, தூரத்தில் இருக்கும் அந்த மெஷினின் திரையை இங்கிருந்தே திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப் ஐகான் ஒன்றை எல்லோருடைய கணினியிலும் வைத்துக் கொடுத்தார். பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர். பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றே.

விற்றவர் சொன்ன வாக்கியம் அலுவலகத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது: “இனி உங்க டெஸ்க்டாப் கிளவுட்ல இருக்கு சார்.” உண்மையில் கிளவுடில் இருந்தது ஒரு கணினி. பதினொரு பேருக்கான டெஸ்க்டாப் அங்கே இல்லை. பின்னால் வந்த தொல்லை எல்லாம் இந்த இடைவெளியில்தான் முளைத்தது.

கவனிக்கப்பட்டவை

முதல் மாதமே ஆரம்பித்தது. விண்டோஸில் ஒரு பெயருக்கு ஒரு ரிமோட் அமர்வு என்பதுதான் வழக்கமான அமைப்பு. அதே பெயரில் வேறொருவர் நுழைந்தால் முதல் ஆளின் திரை மூடிக்கொள்ளும். இரண்டாவது ஆளுக்கு, முதல் ஆள் விட்ட இடத்திலிருந்தே திரை திறக்கும். குமுளியில் ஒரு பெண் கொள்முதல் வவுச்சர் போட்டுக்கொண்டிருப்பார், கம்பத்தில் ஒரு பையன் நுழைவான், அவர் திரை போய்விடும். “தம்பி, என்னைத் தள்ளிவிட்டியா?” என்று போன் வரும். அலுவலகத்தில் இதற்குத் ‘தள்ளிவிடுவது’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தள்ளிவிடுவதோடு போனால் பரவாயில்லை. ஒரு முறை அந்தப் பையன் திறந்தபோது பாதி வவுச்சர் நின்றிருந்தது. தான் காலையில் விட்டுப்போனது என்று நினைத்துக் கண்ட்ரோல்-ஏ அழுத்திவிட்டான். டாலியில் அது ‘சரி, பதிவு செய்’ என்று அர்த்தம். எடை இருந்தது, விலை இன்னும் போடவில்லை. இரண்டு மாநிலக் கணக்கும் பொருந்தாமல் போனது மாதக் கடைசியில்தான் தெரிந்தது. யார் பதிந்தது என்று பார்க்கவும் வழியில்லை. விண்டோஸில் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டர், டாலிக்குள்ளும் எல்லோரும் ஒரே யூசர். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு கட்டாயம். இந்த அலுவலகத்தின் வாடிக்கையாளர்களில் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளும் உண்டு. டாலியில் அந்தத் திருத்தப் பதிவை வைக்கும் எடிட் லாக் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர்.

அடுத்தது பில். மூத்த கணக்கர் ஒருவர், மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பவர், மாலையில் கிளம்பும்போது சர்வரையும் ஷட் டவுன் செய்துவிட்டுப் போனார். வீட்டிலிருந்து வேலை பார்த்த இருவரும் பாதியில் வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் காலை யாராலும் உள்ளே போக முடியவில்லை. அணைந்த வி.எம்.மை அதற்குள் போய் எழுப்ப முடியாது, கிளவுட் நிறுவனத்தின் நிர்வாக இணையதளமான போர்ட்டலில்தான் தொடங்க வேண்டும். அந்த லாகின் விற்றவரிடம் இருந்தது. அவர் போனை எடுக்க மதியமானது.

“தம்பி, ஆபீஸைப் பூட்டுற மாதிரிதான் அதையும் பூட்டிட்டுப் போனேன். கரண்ட் பில்லாவது மிச்சமாகும்ல?” என்று அவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மிச்சமாகவில்லை என்பதுதான் விஷயம். சில கிளவுடுகளில் விண்டோஸுக்குள் இருந்து ஷட் டவுன் கொடுத்தால் இயந்திரம் நிற்குமே தவிர, அதற்கு ஒதுக்கிய பிராசசரும் மெமரியும் நம் பெயரிலேயே இருக்கும், மீட்டரும் ஓடும். போர்ட்டலில் நிறுத்தி ஒதுக்கீட்டையே விடுவித்தால்தான் அந்தக் கட்டணம் நிற்கும். அப்போதும் டிஸ்க் வாடகை தொடரும். இவர்கள் எடுத்திருந்தது அந்த வகை. மாதத்துக்குச் சுமார் 730 மணி நேரம். அலுவலகம் நடப்பதோ நாளுக்குப் பத்து மணி நேரம், 26 நாள் என்று வைத்தாலும் 260 மணி நேரம்தான்.

ஜூன் 20ஆம் தேதி வாக்கில் விற்றவர் வந்து தனித்தனிப் பெயர் உருவாக்கிக் கொடுத்தார். விண்டோஸ் சர்வரில் சாதாரணமாக இரண்டே ரிமோட் அமர்வுகளுக்குத்தான் இடம், அதுவும் நிர்வாக வேலைக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்ற பகுதியை நிறுவி, ஆள் கணக்கில் உரிமம் வாங்க வேண்டும். நிறுவுவதை அவர் செய்தார். உரிமம் பற்றிப் பேச்சே வரவில்லை.

அக்டோபர் 18

உரிமம் இல்லாமல் அந்தப் பகுதி 120 நாள் ஓடும், அப்புறம் நின்றுவிடும். ஜூன் 20லிருந்து 120 நாள் எண்ணினால் அக்டோபர் 18. செப்டம்பர் மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. ஏலக்காய் சீசன் உச்சத்தில் இருக்கிறது. காலையில் பதினொரு பேருக்கும் ஒரே செய்தி: உரிமம் தர சர்வர் எதுவும் இல்லை, இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இந்த நிலையில்தான் கூப்பிட்டார்கள். நிர்வாக வழியில் இரண்டு பேர் மட்டும் உள்ளே போக முடியும் என்பதால், அன்றும் மறுநாளும் இரண்டு இருக்கைகளில் மாறி மாறி உட்கார்ந்து தாக்கலை முடித்தார்கள். முடிந்தது.

அந்த இரண்டு நாளில் பாதுகாப்புப் பதிவைத் திறந்து பார்த்தேன். 4625 என்ற எண்ணுள்ள வரி, அதாவது தோல்வியடைந்த லாகின் முயற்சி, பக்கம் பக்கமாக இருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர் என்று பெயரை மாற்றி மாற்றி, நொடிக்கொன்று என்ற வேகத்தில் யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாசல், அதாவது போர்ட் எண், 3389. அது உலகத்துக்கே திறந்திருந்தது. பார்த்த பதிவில் வெளியாள் யாரும் உள்ளே வந்த தடயம் இல்லை. ஆனால் அந்தப் பதிவின் அளவு விண்டோஸ் சர்வரில் இயல்பாக 20 எம்.பி.தான். இவ்வளவு முயற்சிகள் விழுந்தால் பழைய வரிகள் அழிந்துகொண்டே போகும். ஜூலையில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. அன்றே 3389ஐ அலுவலக முகவரிகளுக்கு மட்டும் என்று சுருக்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மாற்றினோம்.

எது யார் தலையில்?

தாக்கல் முடிந்த பிறகு அலுவலகத் தலைவர் கேட்டது ஒன்றுதான்: “இன்னும் பெரிய சர்வரா எடுத்துடலாமா?” அவரிடம் விளக்கியதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வி.எம். எடுத்தால், கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு கட்டடம், மின்சாரம், வன்பொருள், அதன் மேல் நம் மெஷினை ஓட்டும் அடுக்கு வரைக்கும்தான். விண்டோஸ் தொடங்கி மேலே இருப்பதெல்லாம் நம்முடையது. யார் நுழையலாம், எத்தனை பேர், எந்த வாசல் வழியாக, யாருடைய கோப்பு எங்கே, எப்போது அணைப்பது, எப்போது அப்டேட் போடுவது எல்லாம் நம் வேலை. அமேசான் 2006இல் வி.எம்.களை வாடகைக்குத் தரும் ஈ.சி.2 சேவையைத் தொடங்கியதிலிருந்து இந்த ஏற்பாடு அடிப்படையில் மாறவில்லை. வெப்சைட், டேட்டாபேஸ், பின்னணியில் ஓடும் நிரல் போன்றவற்றுக்கு இது சரியான பொருள். அவை திரை முன் உட்காராது, ‘தள்ளிவிட்டாயா’ என்று கேட்காது.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் சேவையில் எண்ணிக்கை ஆளிலிருந்து தொடங்குகிறது. ஒருவர் தன் பெயரில் நுழைகிறார். அவர் யார் என்று சரிபார்த்து, எந்த மெஷினில் இடமிருக்கிறது என்று பார்த்து அங்கே கொண்டுபோய்விடும் இடைத்தரகு வேலையைச் சேவையே செய்கிறது. அமேசானின் ஒர்க்ஸ்பேசஸ் 2014இல் வந்தது. மைக்ரோசாஃப்டின் சேவை 2019இல் வந்து, 2021இல் அந்நிறுவனத்தின் கிளவுடான அஜூரின் பெயரோடு அஜூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று பெயர் மாறியது. அதே 2021இல் ஆளுக்கொரு கணினியை நிலையான மாத வாடகைக்குத் தரும் விண்டோஸ் 365 வந்தது.

வாசல் விஷயத்தில்தான் வித்தியாசம் பெரிது. அஜூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் நம் மெஷின்கள் வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காத்திருப்பதில்லை. அவையே 443 என்ற வாசல் வழியாக வெளியே சேவையின் நுழைவாயிலோடு இணைகின்றன. பயனரும் தன் பக்கமிருந்து அங்கேதான் போகிறார். இருவரும் நடுவில் சந்திப்பதால் 3389ஐத் திறக்கவே தேவையில்லை, வெளி ஐ.பி.யும் தேவையில்லை.

விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்றும் உண்டு. அஜூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு அடியில் இருப்பவையும் வி.எம்.கள்தான். அவற்றின் வாடகை நம் பில்லில் வரும், விண்டோஸ் அப்டேட்டும் டாலி அப்டேட்டும் நாம்தான் போட வேண்டும். சேவை எடுத்துக்கொள்வது இடைத்தரகையும் நுழைவாயிலையும் மட்டும்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் மேசையில் இருந்தன.

பழைய மெஷினையே வைத்து, உரிமம் வாங்கி, நம் ஆட்கள் மட்டும் வரும் மறைவான இணைய வழியான வி.பி.என். போடுவது ஒன்று. இது கெட்ட யோசனை இல்லை, செலவும் கூடாது. ஆனால் வி.பி.என்., உரிம சர்வர், பயனர் நிர்வாகம் எல்லாம் பார்க்க அலுவலகத்தில் ஆள் இல்லை. மறுபடியும் ஒருவர் போனை எடுக்கும் வரை காத்திருக்கும் நிலைக்கே போகும்.

ஆளுக்கொரு விண்டோஸ் 365 கணினி இரண்டாவது. நிர்வாகம் மிகச் சுலபம். இரண்டு தடைகள் வந்தன. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இருவரும் அரை நாள்தான் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கும் முழு மாத வாடகை. அடுத்து, டாலி கோப்புகள் இருக்கும் சர்வரை வெளியுலகத்துக்குக் காட்டாமல் தனி நெட்வொர்க்கில் வைக்க நினைத்தோம். சின்ன அலுவலகங்களுக்கான பிசினஸ் வகையில் நம் சொந்த அஜூர் நெட்வொர்க்கோடு இணைக்கும் வசதி இல்லை. எண்டர்பிரைஸ் வகையில் உண்டு, அதற்கு விலையும் உண்டு.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். அஜூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் ஒரு விண்டோஸ் 11 மெஷினுக்குள் பல பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் மல்டி-செஷன் பதிப்பு கிடைக்கிறது. டாலி, எக்செல், பிரவுசர் என்ற லேசான வேலைக்கு இரண்டு மெஷின்கள் பதினொரு பேருக்குப் போதும். பயன்படுத்தும் உரிமைக்காக, அலுவலகத்தில் மின்னஞ்சலுக்கு இருந்த மலிவான மைக்ரோசாஃப்ட் சந்தாவை பிசினஸ் பிரீமியத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. கணக்குப் போடும்போது பலர் விட்டுவிடும் செலவு இது.

வி.எம்.மை முழுக்கக் கைவிடவில்லை. டாலி டேட்டாவும் டாலியின் பல பயனர் உரிமமும் இருக்க, வெளி முகவரி இல்லாத சின்ன வி.எம். ஒன்று அதே நெட்வொர்க்கில் வைத்தோம். அதன் முன்னால் யாரும் உட்காரப் போவதில்லை. தினசரி பேக்கப் இந்தியாவுக்குள்ளேயே இருக்கும்படி அமைத்தோம். கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்பது 2022இல் வந்த விதி.

மாற்றிய விதம்

நவம்பர் 20 தாக்கல் முடியும்வரை எதையும் தொடவில்லை. அதன் பின் முதலில் மாறியது குமுளிக் கிளை. அவர்கள்தான் அதிகம் தள்ளிவிடப்பட்டவர்கள், புதியதைப் பொறுமையாகச் சோதித்துப் பார்க்கவும் அவர்களுக்குத்தான் மனம் இருந்தது.

ஒவ்வொருவரின் டெஸ்க்டாப், எக்செல் அமைப்பு, தமிழ்த் தட்டச்சு அமைப்பு எல்லாம் எஃப்.எஸ்.லாஜிக்ஸ் என்ற கருவி மூலம் தனிக் கோப்பாக வேறிடத்தில் இருக்கும். இன்று முதல் மெஷின், நாளை இரண்டாவது மெஷின் என்று விழுந்தாலும் தன் திரை அப்படியே வரும். டாலிக்குள்ளும் ஆளுக்கொரு யூசர் உருவாக்கினோம். இதை டெஸ்க்டாப் சேவை செய்துதராது. பழைய வி.எம்.மிலேயே ஏப்ரலில் செய்திருக்க முடிந்த வேலை.

இரண்டு படி சரிபார்ப்பு கட்டாயம் என்றபோது மூத்த கணக்கர் தன் பட்டன் போனை எடுத்து மேசையில் வைத்தார். ஆப் போட வழியில்லை. அவருக்கு மட்டும் யு.எஸ்.பி. பாதுகாப்புச் சாவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதை அலுவலகச் சாவிக்கொத்திலேயே கோத்துக்கொண்டார்.

டிஜிட்டல் கையெழுத்துதான் அதிக நேரம் எடுத்தது. கம்பெனி வாடிக்கையாளர்களின் ரிட்டர்னுக்கு, டிஜிட்டல் கையெழுத்து அடங்கிய யு.எஸ்.பி. சாதனமான டி.எஸ்.சி. டோக்கன் வேண்டும். டோக்கன் செருகியிருப்பது கம்பத்தில் இருக்கும் மேசைக் கணினியில், பிரவுசர் ஓடுவதோ கிளவுடில். கையெழுத்துப் போடும் சின்ன நிரல், தான் ஓடும் அதே கணினியில்தான் டோக்கனைத் தேடும். தொலைவிலிருந்து டோக்கனைக் கடத்திக் கொடுக்கும் வசதியைச் சோதித்ததில் சில டோக்கன்கள் வேலை செய்தன, சில செய்யவில்லை. கடைசி நாளில் இதோடு மல்லுக்கட்ட முடியாது என்பதால் பிரித்துவிட்டோம். கணக்கு முடித்து, ரிட்டர்ன் விவரம் அடங்கிய ஜேசன் கோப்பு எடுப்பது வரை கிளவுடில். கையெழுத்து, கம்பத்தில் ஒரே ஒரு மேசைக் கணினியில். கோப்பை உள்ளூருக்கு எடுக்கும் அனுமதியும் அந்த ஒரு கணினியின் பயனருக்கு மட்டும். ஓ.டி.பி. மூலம் தாக்கல் செய்யக்கூடிய தனிநபர் வியாபாரிகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

பிறகு நடந்தது

தள்ளிவிடும் போன்கள் திரும்ப வரவில்லை. டிசம்பர் தாக்கலில் இரு மாநிலக் கணக்கும் ஒரே நாளில் பொருந்தின. எடிட் லாகில் ஆள் பெயர் வந்தது. அதில் இருவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்றும் கேள்விப்பட்டேன்.

புதிய புகார், காலைத் தாமதம். இரவில் இரண்டு மெஷின்களும் தானாக அணையும்படி வைத்திருந்தோம். குமுளிக் கிளை கம்பத்துக்கு முன்பே திறக்கும். முதலில் வருபவர் இணைந்ததும்தான் மெஷின் எழும், அதற்குச் சில நிமிடங்கள். “பஸ்ஸுக்கு நின்ன மாதிரி நிக்கிறேன் சார்” என்றார் அந்தக் கிளைப் பெண். ஒரு மெஷின் கிளை திறக்கும் முன்பே எழும்படி நேர அட்டவணையை மாற்றியதும் சரியானது.

இரவில் அணையவே இல்லை என்பது இன்னொன்று. எல்லோரும் சன்னலைக் குறுக்குக்குறியில் மூடிவிட்டுப் போனார்கள், சைன் அவுட் செய்யவில்லை. அமர்வு உள்ளே உயிரோடு இருப்பதால் மெஷினும் விழித்தே இருந்தது. துண்டிக்கப்பட்ட அமர்வு இரண்டு மணி நேரத்தில் தானாக மூடும்படி வைத்தோம். உடனே மூடும்படி வைக்காததற்குக் காரணம் குமுளியின் இணைய இணைப்பு. மழைக்காலத்தில் மரம் விழுந்து ஃபைபர் அறுவது அங்கே வாடிக்கை. ஒரு நாள் அறுந்தபோது போன் ஹாட்ஸ்பாட்டில் திரும்ப வந்தார்கள், பாதி வவுச்சர் அப்படியே இருந்தது. இதைப் புதிய சேவையின் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆளுக்கொரு பெயர் இருந்தால் பழைய வி.எம்.மிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மாதச் செலவு குறையவில்லை. மெஷின் ஓடும் நேரம் குறைந்ததில் மிச்சமானதைச் சந்தா உயர்வு விழுங்கி, மேலும் கொஞ்சம் கேட்டது. அலுவலகத் தலைவரிடம் இதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன், அதனால் பில் வந்தபோது சத்தம் வரவில்லை.

பிப்ரவரியில் நெடுங்கண்டத்துப் பெண் வேலையை விட்டார். ஒரு பெயரை முடக்கினோம், அன்றைய வேலை அவ்வளவுதான். ஏப்ரலில் போட்ட முதல் ஏற்பாட்டில் இதற்கு எல்லோருக்கும் பொதுவான பாஸ்வேர்டையே மாற்றியிருக்க வேண்டும்.

இனி மாற்ற இருப்பவை

அப்டேட் இன்னும் நம் தலையில் இருப்பதால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 20ஆம் தேதிக்குப் பின் வருவது, இதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அலுவலகத்தில் ஒருவருக்குப் போர்ட்டல் பயிற்சி நடக்கிறது. கிளவுட் கணக்கு இப்போது அலுவலகத்தின் பெயரில் இருக்கிறது, விற்றவர் பெயரில் இல்லை. எந்த வகை எடுத்தாலும் இதை முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

இதே மாதிரி அலுவலகம் என்றாலும் எல்லோருக்கும் இதே வழியைச் சொல்ல மாட்டேன். கூடலூரில் மூன்று பேர் மட்டும் இருக்கும் ஒரு உரக்கடை கேட்டபோது, ஆளுக்கொரு நிலையான வாடகைக் கணினியே போதும் என்றேன். மூன்று பேருக்காக இரண்டு மெஷின், நேர அட்டவணை, தனிக் கோப்புச் சேமிப்பு என்று கட்டி நிர்வகிப்பது வீண். ஒரே ஆள் எப்போதாவது நுழைந்து டாலி பார்ப்பவர் என்றால் வி.பி.என். போட்ட சின்ன வி.எம். தாராளம்.

தீராதது ஒன்று இருக்கிறது. குமுளிக் கிளையின் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குக் கிளவுடிலிருந்து நேராக அச்சு கொடுத்தால் வரி நகர்ந்து, கார்பன் நகலோடு வரும் மூன்று படிவத் தாளில் தொகை கட்டத்துக்கு வெளியே விழுகிறது. இப்போதைக்குப் பி.டி.எஃப். எடுத்து உள்ளூர்க் கணினியிலிருந்து அச்சிடுகிறார்கள். அடுத்த சீசனுக்கு முன் லேசர் பிரிண்டருக்கு மாறுவதா, மூன்று படிவத் தாளையே விடுவதா என்று பேச்சு நடக்கிறது. வியாபாரிகளில் பலர் கார்பன் நகல் இல்லாமல் சரக்கை வண்டியில் ஏற்ற மாட்டோம் என்கிறார்கள்.